நூற்றுப் பன்னிரண்டு கிலோ எங்கே போனது?

1
இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர், தான் போர் விமானம் செய்கிறவர் என்றார். நம்பவில்லை. நான் கதை எழுதுகிறவன் என்றேன். அவரும் நம்பவில்லை. சரிக்குச் சரியாகிவிட்டதால் மனம்விட்டுப் பேசினோம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானத்தைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம்—'
(வேண்டாம். அது இன்னும் கொட்டகையை விட்டே நகரவில்லை.)

2
தொழிற்சாலையில் அவருக்கு எடைக்காரர் என்று பெயர். புதிய விமானம் 6,400 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே உத்தியோகம். பையில் சமையலறைத் தராசு ஒன்றைப் போட்டுக்கொண்டு, பிரிவு பிரிவாகப் போய்க் கிராம் கிராமாகக் கெஞ்சுவார். தகட்டில் ஓட்டை போடச் சொல்வார். போல்ட்டின் வாலை நறுக்கச் சொல்வார். அவரைக் கண்டால் திருகாணிகூட வயிற்றை எக்கிக்கொள்ளும்.*

ஒவ்வொரு பிரிவும் தன் பாகத்தின் எடையை எழுதிக் கொடுத்தது. அவர் கூட்டி அறிவித்த தொகை 6,483. தராசிலும் அப்படியே வந்தால் இறக்கையை முதலிலிருந்து வரைய வேண்டும். இரண்டு வருடம் பிடிக்கும். அவர் ஓய்வுபெறவோ ஒன்றரை வருடம்தான் பாக்கி. நாலு வருடம் பாடுபட்ட விமானம் பறப்பதை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

சக்கரப் பிரிவின் தலைவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி.

"ஏன்டா, ஒரு அஞ்சு கிலோவாவது கழிச்சுக் குடேன்."

"என்ன மாமா, சக்கரத்தைக் கழட்டிட்டுக் காலை ஊனி இறங்கச் சொல்றீங்களா?"

"எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

"அக்கா மேல சத்தியமா இல்ல!"

மனைவி மேல் செய்த சத்தியத்தைச் சந்தேகிக்கலாமா? (சந்தேகித்தார். வெளியே சொல்லவில்லை.)

மின்கம்பிகளுக்குப் பொறுப்பான வயர்க்காரம்மாவும் கையை விரித்துவிட்டார்.

* இது என் கைச்சரக்கு.

3
இங்கே ஒரு வில்லனை நுழைக்கப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட உளவாளி. எடைக்காரர் வாசலிலேயே மறித்தார்: "இவர் எத்தனை கிலோ?" திருப்பி அனுப்பிவிட்டேன்.

4
நிறுக்கும் நாள். கொட்டகைக் கதவுகளைச் சாத்தி, விசிறிகளை நிறுத்தினார்கள்; காற்று பட்டால் இறக்கை கொஞ்சம் தூக்கித் தராசை ஏமாற்றிவிடும். மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் மூன்று தராசு. கூட்டினால் 6,371.

மறுபடி நிறுத்தார்கள். 6,371.

எடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, நாலு வருடமாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டார். ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

எல்லோராலும் மேடம் என்று அழைக்கப்படும் தலைமை வடிவமைப்பாளர் கேட்டார்: "பேப்பர்ல இருந்த நூத்திப் பன்னெண்டு கிலோ எங்க போச்சு?"

"என்கிட்ட அம்பத்திரண்டு. கூட்டித்தான் எழுதிக் குடுத்தேன்," என்றான் மச்சான். "மாமா விடாம கேப்பாரு. கடைசியில குடுக்கக் கையில ஏதாவது வேணும்ல?"

"அக்கா மேல சத்தியம் பண்ணியேடா!"

"அக்காவுக்குத் தெரியும் மாமா."

"எனக்கு நாப்பது," என்றார் வயர்க்காரம்மா, செருப்பைப் பார்த்துக்கொண்டு.

மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நானும் சொல்லிடறேன். நிஜமான வரம்பு 6,450. அம்பதைக் குறைச்சுத்தான் உங்ககிட்ட சொன்னேன்."

இறக்கை பிழைத்தது. கொட்டகையே சிரித்தது. அதற்குள் மேடம் விரல்விட்டு எண்ணி முடித்திருந்தார்.

"தொண்ணூத்திரண்டுதான் வருது. மிச்சம் இருபது?"

கூட்டலில் அந்த இருபதை ஓசைப்படாமல் சேர்த்தவர் எடைக்காரரேதான். பசை, பெயின்ட், ஞாபகமறதி எல்லாவற்றுக்கும் சேர்த்து. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

5
ஒப்புக்கொண்டால் மச்சான் ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவான். தராசில் கோளாறு என்றால் மூன்றாம் தடவை நிறுப்பார்கள். 'எடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு—'

இதற்குமேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீங்களும் எதையாவது ஒளித்துவைத்திருப்பீர்கள்; அவருக்காக நீங்களே பதில் சொல்லுங்கள். பயப்படாதீர்கள். என்ன சொன்னாலும் விமானம் பறந்துவிடும்.