சந்தனப் பொட்டு வைத்த டிவிடி

பயம் பிடித்தால் புத்தி புல் மேயப் போய்விடும். இல்லாவிட்டால் அருந்ததி தன் கையாலேயே புருஷனின் குரலை அழிக்கக் கொடுத்திருப்பாளா?

அவள் புருஷன் ஸ்ரீஸ்கந்தராசா கிளிநொச்சிக்குப் போனது தாயைக் கூட்டிவர. ஒரு கிழமையில் வருகிறேன் என்று போனவன். போன பிறகு சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். முதலில் எப்போதாவது ஒரு போன் வந்தது. பிறகு அதுவும் நின்றது. கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில் மிஞ்சியது அவளும் அவனுடைய பழைய கம்ப்யூட்டரும்தான்.

அது லினக்ஸில் ஓடுவது. போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, ஆடி அசைந்துதான் எழும்பும். அருந்ததிக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. அவளைச் சீண்டவென்றே, அது எழும்பும்போது கேட்கும்படி அவன் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தான்.

"கொஞ்சம் பொறும் அருந்ததி. இந்தா வாறன்."

"ஓம் ஓம், வந்து கிழிச்சியள்," என்று குசினியில் சமைத்தபடியே அவள் பதில் கொடுப்பாள். அவன் போன பிறகு அந்தப் பதில் வாயில் வரவில்லை. குரலைக் கேட்கவென்றே தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போடுவாள்.

போன மாதம் சுற்றிவளைப்பு நடந்தது. உள்ளே வந்த ஆமிக்காரன் அந்த வெள்ளை எழுத்துகளைக் கண்டு, "மே மொகக்த?" என்றான். இது என்ன என்று கேட்டவனுக்குச் சிங்களத்தில் விளக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. அவன் முறைத்துவிட்டுப் போய்விட்டான். அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. கீழ்வீட்டுச் சரோஜினிதேவி வேறு, "எல்லார் வீட்டிலயும் மாதிரி விண்டோஸைப் போட்டிடும் பிள்ளை," என்றாள். படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, தெருவில் முதலில் கண்ட கடையில் கொடுத்துப் போட்டுவித்தாள். மறுநாள் காலை கம்ப்யூட்டர் எழும்பியபோது ஏதோ மணிச்சத்தம் கேட்டது. குரல் மெஷினோடு கூடப் பிறந்தது என்று நினைத்திருந்தவள், அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்த பிறகுதான் சாமித்தட்டு ஞாபகம் வந்தது. பயணம் போகுமுன் மற்றவர்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள். அவன் தேங்காயும் உடைப்பான், கம்ப்யூட்டருக்குப் பிரதியும் எடுப்பான். அப்படி எடுத்த மூன்று டிவிடிகள் சரஸ்வதி படத்துக்குப் பின்னால் இருந்தன.

எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனாள். அங்கே மக்கீன் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தார். அவள் புருஷனோடு முன்பு ஒன்றாக வேலை செய்தவர்; அவளுக்கு 'நானா', அதாவது அண்ணன் முறை. வழியெல்லாம் செக்பொயின்ட் என்று பயந்துதான் முதலிலேயே அவரிடம் போகாமல் விட்டாள்.

"முதல் டிவிடியில பூட் ரெக்கோட் இரிக்கி தங்கச்சி," என்றார் மக்கீன். "மெஷின் எங்கேந்து எழும்போணும் எண்டு சொல்ற துண்டு அது. அதப் போட்டா டிஸ்க் பழையபடி ரெண்டு பங்காப் பிரிஞ்சிடும். புறகு ரெண்டு பார்டிஷனையும் அதது இடத்துல எறக்கினாச் செரி. ஆனா விண்டோஸ் போயிரும். அந்த வெள்ள எழுத்துத்தான் திரும்ப வரும். பரவாயில்லயா?"

"வரட்டும் நானா."

இரண்டு டிவிடிகள் ஒழுங்காக இறங்கின. மூன்றாவதில்தான் அவனுடைய சொந்தக் கோப்புகள். அது முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. மக்கீன் வெளியே எடுத்துத் திருப்பினார். பளபளக்கும் பக்கத்தில் காய்ந்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு, அடுக்கில் மேலே இருந்த அதையும் வைத்துப் பொட்டிட்டவள் அருந்ததிதான். மினுங்குகிற பக்கம்தான் முகம் என்று நினைத்துவிட்டாள்.

மக்கீன் சிரிக்கவில்லை. "சாமிக்கு வெச்சதாச்சே. நான் கழுவலாமா?"

"கழுவுங்கோ நானா. கெதியாக் கழுவுங்கோ."

தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் டிவிடி மறுபடி திக்கியது. அருந்ததி தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். டிவிடி கொஞ்சம் முனகிவிட்டு மேலே ஓடியது.

கம்ப்யூட்டரைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அன்றைக்குக் குலை நடுங்க வைத்த எழுத்துகளை அவள் ஒரு வரி விடாமல் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறும் அருந்ததி. இந்தா வாறன்."

மக்கீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அது கூட்டாளியின் குரல்.

"நானா, நிப்பாட்டிப்போட்டு இன்னொருக்காப் போடுங்கோ."

அவர் நிறுத்தித் திரும்பவும் போட்டார். எழுத்துகள் ஓடத் தொடங்கின. குரல் வருவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறன். வாங்கோ."