தேங்காய் எண்ணெய் மினுக்கம்

எங்கள் வாடகைக் காருக்குக் கல்யாண ஹயர் வந்திருக்கிறது என்றதும் எனக்குத்தான் கை பரபரத்தது. மடுல்சீமைச் சேறு அப்பிய காரில் எந்தப் பெண் புகுந்த வீட்டுக்குப் போவாள்? விடிந்ததும் பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நாலு வீலையும் இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தேன். முன் வீல் இரண்டுக்கும் உள்ளே ஒரு வட்டத் தகடு இருந்தது. ராத்திரி மழையில் செந்துரு பிடித்திருந்தது. அதையும் தேய்த்து, துரு திரும்பி வராமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். தோசைக்கல்லுக்குச் செய்கிறதுதானே? என் வீட்டுக்காரர் தயாபரன், "கண்ணாடி மாதிரி வச்சிருக்க" என்று சொல்லிவிட்டுப் பெண்ணை ஏற்றக் கீழே பசறைக்குக் கிளம்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கார் எங்கள் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் சதீஸ்குமார் வந்தான். கராஜில் வேலை செய்கிறவன். அவனிடமும் பீற்றிக்கொண்டேன். கேட்டவன் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, அந்தத் தகட்டப் புடிச்சுத்தான் பிரேக்கு கார நிறுத்தும். எண்ணெ பட்டா புடிக்காது."

போன் போட்டேன். அந்தச் சரிவில் எந்தக் காலத்தில் சிக்னல் இருந்தது? ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். தேயிலைக்குள் படி வழியாக விழுந்தடித்து ஓடினால் மூன்றாவது வளைவில் முந்திவிடலாம். ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. என் தாலிக்கு நானே எண்ணெய் பூசிவிட்டேனே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

மூன்றாவது வளைவில் கார் நின்றுகொண்டிருந்தது. மூக்கு மண் திட்டில் சாய்ந்திருந்தது, பின் டயருக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தது. அவர் முன் வீலருகே குந்தியிருந்தார், முழுசாக. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மொத வளவுலயே பிரேக்கு வழுக்கிருச்சு. கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் வச்சே எறக்கிட்டேன்" என்றார்.

பின்னாலேயே வந்த சதீஸ்குமார், கல்யாணத்துக்கு வேறு கார் பிடிக்கச் சிக்னல் தேடி மேட்டில் ஏறினான். சொல்லாமலே விட்டுவிடலாமா என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. அதற்குள் அவர் தகட்டைத் தொட்டு விரலை முகர்ந்தார். பிறகு என்னிடம் வந்து, ஓடியதில் அவிழ்ந்து கிடந்த என் தலையை முகர்ந்தார்.

"ரெண்டும் ஒரே வாசமா இருக்கே, புள்ள."

"ஆமாங்க. நான்தாங்க பூசுனேன்."

அவர் என் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்தார். விரலில் மிச்சமிருந்த கறுத்த எண்ணெயைத் தன் காதோர நரையில் நிதானமாகத் தேய்த்துக்கொண்டார்.