வேப்பிலை பூசிய கழுத்து

பால் மறக்கடிக்க மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசுவார்கள். எனக்கேது பால், எனக்கேது பிள்ளை? நான் கழுத்தில் பூசிக்கொண்டேன்.

ரகு தூங்க வேண்டுமானால் என் கழுத்தில் வாயை வைத்துக்கொள்ள வேண்டும். பயந்தாலும் பசித்தாலும் கிளினிக்கில் ஊசி போட்டாலும் அந்த இடம்தான். இரண்டு மாதக் குழந்தையாக லிங்கித் தோட்டத்தில் என் வீட்டுக்கு வந்தவன். இப்போது ஒன்றேகால் வயது. அவன் அம்மா ஜனனி பக்கத்து வீட்டுப் பெண். புருஷன் விட்டுவிட்டுப் போனதும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பொம்மையோடு வருவாள். இவன் அவளை விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

போன மாதம் பக்கத்து ஊரான சிரம்பானிலேயே வேலை கிடைத்து, அங்கேயே அம்பாங்கானில் வீடும் எடுத்துவிட்டாள். இரண்டு முறை ரகுவைக் கூட்டிப்போனாள். இரண்டு முறையும் சோறு தண்ணி இல்லாமல் கத்தி, காய்ச்சலோடு திரும்பி வந்தான். வந்ததும் என் கழுத்தில் விழுந்து தூங்கிப்போனான். அவள் வாசலில் நின்று அழுதாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வெட்கங்கெட்டவள் நான்.

ஆனால் சிங்கப்பூரில் இருந்தபோது வேலை முடிந்ததும் தினமும் போன் போடுவாள். தூங்கும் பிள்ளையைக் காட்டச் சொல்வாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். போனைப் பிடித்துப் பிடித்து என் கை வலிக்கும். அதையெல்லாம் எப்படி மறப்பது? அதனால்தான் வேப்பிலை.

மூன்றாவது முறையாக ஞாயிற்றுக்கிழமை வந்தாள். டாக்சி வெளியே நின்றது.

"அக்கா, இன்னைக்கும் வரலன்னா விட்டுடுறேன் லா. ஒங்ககிட்டயே இருக்கட்டும். நான் அவனுக்கு வேணாம் போல."

ரகுவைத் தூக்கினேன். வழக்கம்போல் கழுத்தில் வாயை வைத்தான். முகம் கோணியது. வீரிட்டான். என்னை உதறிவிட்டு அவளிடம் தாவுவான் என்று நினைத்திருந்தேன். அவனோ கசந்த வாயோடு மறுபடியும் அதே கழுத்தில் முகத்தைப் புதைத்தான். கசக்கக் கசக்க இறுக்கிப் பிடித்தான். மடச்சி நான்! பாலை மறக்கடிக்க வேப்பிலை உண்டு, ஆளை மறக்கடிக்க எந்த இலை உண்டு? நான் கொடுத்த கசப்புக்கும் அவன் என்னிடம்தான் ஆறுதல் தேடினான்.

"பாத்தீங்களாக்கா?" என்று ஜனனி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நான் சும்மா இருந்திருந்தால் போதும், அவன் எனக்குத்தான்.

அவனைக் கீழே இறக்கிவிட்டேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். கைலியைப் பிடித்து இழுத்தான். காலைக் கட்டிக்கொண்டு "ம்மா, ம்மா" என்று அழுதான். அவன் அப்படிக் கூப்பிடுவது என்னைத்தான். நான் குனியவில்லை.

"பாத்துக்கிட்டே நிக்கிறியே, புள்ள வாயத் தொடச்சு விடு!" என்று ஜனனி மேல் எரிந்து விழுந்தேன்.

"எங்கிட்ட வரமாட்டான்கா."

"ஒக்காந்து தொடச்சு விடு லா!"

அவள் தரையில் உட்கார்ந்து, துப்பட்டா நுனியை நனைத்து அவன் நாக்கைத் துடைத்தாள். அவன் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தான். மறுபடி துடைத்தாள். மறுபடி தள்ளினான். மூன்றாவது தடவை தானே நாக்கை நீட்டினான். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே அவள் தோளில் சாய்ந்தான். அவள் கழுத்தைத் தேடி வாயை வைத்தான்.

ஜனனி மூச்சுவிடவும் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்சி கிளம்பியபோது அவன் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள். நான் காட்டவில்லை. எவ்வளவு கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். பின்னால் கோத்திருந்த கையை எடுத்திருந்தால், அவனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.