மதிப்பீட்டின் ஆறாம் பக்கம்

சகலருக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, இவ்வீட்டின் ஹாலில், வீட்டின் பின்பக்கம் புதிதாக எழுப்பப்படவிருக்கும் அறைக்கான திட்ட மதிப்பீடு தாக்கல் செய்யப்படும். சம்பந்தப்பட்டவர்கள் தவறாமல் ஆஜராக வேண்டியது.

இந்த அறிவிப்பு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் குடும்பத் தலைவர். சம்பந்தப்பட்டவர்கள் மொத்தமே மூன்று பேர்: அவருடைய மனைவி, வேறு வீட்டில் இருக்கும் தங்கை, அப்பா. மனைவி அதைப் படித்துவிட்டு, அடியில் 'பால் வாங்கணும்' என்று எழுதிவைத்தாள்.

அலுவலகத்தில் அவருக்குத் தேய்மானம் என்று பெயர். கம்பெனியின் லாரி, நாற்காலி, ஏ.சி. என்று ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்று கணக்கிட்டு எழுதுவது அவர் வேலை. ஒரு நாற்காலியைப் பார்த்தால் அவருக்கு உட்காரத் தோன்றாது. இதற்கு இன்னும் நாலு வருடம் என்றுதான் தோன்றும். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஒருநாள் காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. பட்டம் வாங்கிய மாதிரி கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

அறை அப்பாவுக்காக. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், மூன்று மாதமாக மகன் வீட்டு ஹாலில் சோபாவுக்கும் டீவிக்கும் நடுவே படுத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குன்னு தனியா ஒரு ரூம் போட்டுடறேன்ப்பா, இனிமே இங்கயே இருங்க" என்று மகன் சொன்ன அன்றுதான், நண்பர் வீட்டில் விட்டுவைத்திருந்த ஸ்பானர் பெட்டியைக் கொண்டுவந்து சோபாவுக்கு அடியில் தள்ளினார்.

ஞாயிறு வந்தது. பதினான்கு பக்கம், ஐந்து பிரதி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. ஐந்தாவது பிரதி மேஸ்திரிக்கு. தேய்மானம் எழுந்து நின்று முன்னுரை ஆற்றினார். செங்கல்லிலிருந்து தாழ்ப்பாள்வரை எதுவும் விடுபடவில்லை என்றும், காரணம் காட்டாமல் ஒரு தொகைகூட எழுதப்படவில்லை என்றும் அறிவித்தார்.

"மேசையைத் தட்டணும்னா சொல்லுண்ணா, தட்டறேன்" என்றாள் தங்கை.

மேஸ்திரி மட்டும் பக்கங்களைப் பொறுப்பாகப் புரட்டிக்கொண்டிருந்தார். "சார், ஆறாம் பக்கத்துல கூரைக்குத் தகர ஷீட்டுன்னு இருக்கு. பின்பக்கம் முழுக்க மேற்கு வெயிலு. உள்ள இருக்கறவரு வெந்துருவாரு."

"காரணம் போட்டிருக்கேன், படிங்க" என்றார் தேய்மானம் பெருமையாக.

மேஸ்திரிக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் ஏறும். விரலை வைத்து நிதானமாகப் படித்தார். "கான்கிரீட் கூரையின் ஆயுள் நாற்பது ஆண்டு. பயனாளியின் வயது எழுபத்தாறு. எதிர்பார்க்கப்படும் பயன்பாடு அதிகபட்சம் ஐந்து ஆண்டு. மீதி முப்பத்தைந்து ஆண்டு வீண். ஆகவே தகரம் போதுமானது."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவருக்கு உறைத்தது. பிரதியை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு ஃபேனைப் பார்த்தார்.

எழுதும்போது அது வெறும் கணக்காகத்தான் இருந்தது. எழுதிவிட்டு, சிக்கனமாக முடித்தோமே என்று தேய்மானம் நிம்மதியாகத் தூங்கியும் இருந்தார். இன்னொருவர் வாயிலிருந்து அதே வரிகள் சத்தமாக வந்தபோது காது மடல் இரண்டும் சுட்டன. அப்பாவின் கையிலிருந்த பிரதியும் ஆறாம் பக்கத்தில்தான் திறந்திருந்தது. அதைத் தன் கையாலேயே கொடுத்திருந்தார், அதுவும் பெரிய எழுத்தில் தனியாக அச்சடித்து, "கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்ப்பா" என்று சொல்லி.

"எங்க டிப்போல," என்றார் அப்பா, "ஒரு வண்டிய ஓரங்கட்டணும்னாக்கூட பானெட்டைத் தொறந்து பாத்துட்டுதான்டா எழுதுவோம். நீ பாக்காமலே எழுதிட்டியே."

சிரிக்கலாமா என்று வாயைப் பாதி திறந்த தேய்மானம், வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிப்பா. வேணும்னா பத்துன்னு மாத்திடறேன்."

"ஏங்க, கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் மனைவி.

"பதினஞ்சு."

"என்னண்ணா, ஏலமா விடற?" என்றாள் தங்கை. குரலில் இப்போது கேலி இல்லை.

"பதினஞ்சுன்னா கான்கிரீட்டே கட்டுப்படியாகும் சார்" என்றார் மேஸ்திரி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

அடுத்து நடந்ததைத்தான் தேய்மானத்தால் பிறகு எந்த நாளும் விழுங்க முடியவில்லை. அவருடைய கை, அவரைக் கேட்காமலே, கால்குலேட்டரை எடுத்தது. இரண்டு பொத்தானை அழுத்தியும் விட்டது. எல்லோரும் பார்த்தார்கள். மனைவி அதைப் பிடுங்கிச் சோபாவின் மூலையில் எறிந்தாள்.

அப்பா தங்கையின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்ல ஹால் இருக்குல்லம்மா?"

"இருக்குப்பா."

"கூரை?"

"கான்கிரீட்ப்பா."

"மாமா, அவரு யோசிக்காம ஏதோ..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"உன்மேல ஒரு குத்தமும் இல்லம்மா. டீ நல்லா இருந்துச்சு."

மதியச் சாப்பாட்டுக்குள் ஆட்டோ வந்துவிட்டது. ஸ்பானர் பெட்டியை வாங்கிக்கொள்ள மகன் ஓடிப்போய்க் கையை நீட்டினார். அப்பா பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தேய்மானம் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, "சார், கைய எடுத்தா கெளம்பலாம்" என்றார் டிரைவர்.

வாரம் முழுக்க அலுவலகத்தில் எந்த நாற்காலிக்கும் அவரால் வருடம் எழுத முடியவில்லை. அடுத்த ஞாயிறு, சொல்ல வேண்டியதை மூன்று குறிப்பாக மனப்பாடம் செய்துகொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அப்பா ஜன்னலருகே தரையில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"வா" என்றார். குரலில் கோபம் இல்லை; இருந்திருந்தால் தேவலை என்று தேய்மானத்துக்குப் பட்டது.

"அப்பா, அன்னைக்கு நான்..."

"வெளிச்சத்த மறைக்காத. கொஞ்சம் தள்ளி நில்லு."

தள்ளி நின்றார். மிக்ஸி ஓடுகிறவரை நின்றார். பிறகு தங்கை கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு கேட்கவில்லை. அறையும் கட்டவில்லை.