வராதே என்ற ஒரு வரி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையில் எனக்கும் பங்குண்டு. 1971இல் அந்தமானில், மாயாபந்தரில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தேன். எழுதத் தெரியாத குடியேறிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அன்னம்மாளுக்கும் எழுதினேன். கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்தேன்.

2

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'பன்றிப் பண்ணையின் நாற்றம் காற்றில்...'

வேண்டாம். நாற்றத்தில் தொடங்கினால், அந்த நாலா (தீவில் ஓடைக்கு எல்லோரும் சொல்லும் பெயர்) ஒரு காலத்தில் எப்படி ஓடியது என்பதை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அன்னம்மாள் முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று மைல் நடந்தவள். தீவில் தனக்குக் கிடைத்த நிலத்தை ஒட்டியே தண்ணீர் ஓடுவதைப் பார்த்த அன்று, உள்ளே இறங்கி உட்கார்ந்து அழுதாளாம். அக்கா ஜெயமணி பக்கத்தில் இல்லையே என்றுதான் அழுதாள். ஊரில் ஒண்டியாகக் கிடந்த அக்காவை ஆறு வருஷமாகக் கடிதம் போட்டுக் கூப்பிட்டாள். 'தண்ணீர் கற்கண்டாய் இனிக்கிறது' என்று எழுதியது நான். அவள் சொன்னது, "தண்ணி கெடக்கு, வா" என்பது மட்டும்.

3

[இங்கே பன்றிப் பண்ணை வைக்க இடம் தேடி வந்த கான்ட்ராக்டரைக் கொடியவனாக்கப் பார்த்தேன். பெரிய மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை.]

அவர் சாதாரண மனிதராகத்தான் வந்தார். தாகம் என்றார். அன்னம்மாள் செம்பில் மொண்டு கொடுத்தாள்.

"கோடையில வத்துமாம்மா?"

"இந்த நாலாவா? ஒரு நாளும் வத்தாது சாப். எம்புட்டு வேணாலும் எடுக்கலாம்!"

வறண்ட சீமையில் பிறந்தவள் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாமல் இருப்பாளா? அடுத்த வருஷமே அவள் நிலத்துக்கு மேலே, மேட்டில், எண்ணூறு பன்றிகளுக்குக் கொட்டகை எழுந்தது. தினமும் காலை ஏழு மணிக்குக் கொட்டகையைக் கழுவி நாலாவில் விட்டார்கள். ஏழுக்கு முன்பே குடம் நிரப்பிய வீடுகளிலும் வயிற்றுப்போக்கு. எல்லோரும் கைநாட்டு வைத்து மனு கொடுத்தார்கள். பண்ணையின் காகிதப்படி அருகே குடியிருப்பே இல்லை என்று பதில் வந்தது. (கற்பனையாக இருந்தால் இதை இன்னும் நம்பும்படி எழுதியிருப்பேன்.)

4

அந்தச் சமயத்தில்தான் ஜெயமணி சம்மதித்துப் பதில் போட்டாள். அடுத்த மாதக் கப்பலில் வருகிறாளாம்.

அன்னம்மாள் என் மேசைக்கு வந்தாள். "தண்ணி கெட்டுப்போச்சு, வராதேன்னு எழுதுங்க தம்பி."

எழுதினேன். இந்த முறை ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

"வராதேங்கிறத அடிச்சிருங்க."

பேனாவை எடுத்தேன்.

"இருங்க, இருங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆறு வருசமாச்சு தம்பி அவ மொகத்தப் பாத்து. ஆனா வந்த எடத்துல அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அந்தாளுகிட்ட வாய விட்டவளும் நாந்தான?"

கடிதத்தை என் பக்கமே தள்ளினாள்.

"நீங்க படிச்சவுக. பாத்துச் செய்யுங்க."

போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கப்பல். தபால் பை அதற்கு முன்பே கட்டப்பட்டுவிடும்.

5

ஒரு முடிவு: வரி அப்படியே போகிறது. ஜெயமணி வரவில்லை. தங்கை ஒவ்வொரு கப்பலுக்கும் ஜெட்டிக்குப் போய் நிற்கிறாள்.

இன்னொன்று: வரியை அடித்துவிடுகிறேன். ஜெயமணி இறங்குகிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு வாய் தண்ணீர் கே...

இரண்டையும் கிழித்துப் போட்டேன். நான் செய்தது எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். சொன்னால் என்னைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள்.

மணி பதினொன்றரை. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. பேனாவில் மை இருக்கிறது. நீங்களும் படித்தவர்தானே, பார்த்துச் செய்யுங்கள்.