கூடத்து நடுவிட்டம்

குன்னூரின் கீழைச் சரிவில், தேயிலைச் செடிகளின் மேலெல்லாம் வைகறைப் பனி பாலாடையெனப் படிந்திருக்க, ஞாயிறு எழுந்தும் எழாமலும் தயங்கி நின்ற வேளையில், ஆங்கிலேயர் தம் ஊர் நினைவில் எழுப்பிய அம்மாளிகை, வெண்சுண்ணச் சுவரிடையே கருமரத் தூண்களும் குறுக்குச் சட்டங்களும் சாய்தாங்கிகளும் வரிவரியாய்த் தெரிய, வழிதவறி வந்த வேற்றுநாட்டுக் கனவுபோல் மலைமேல் அமர்ந்திருந்தது. மரத்தினுள் மரம் புகுத்தி, மரமுளை அறைந்து இணைத்த அதன் திண்மையை வியவாதார் இலர். கூடத்து நடுவிட்டம் உளுத்துப்போனதை அறிந்தோர் சிலரே.

மாளிகையை வாங்கி விருந்தினர் விடுதியாக்க முனைந்த விஜயபாஸ்கர், அதற்கு இணையான பழைய மரம் தேடிச் சோர்ந்திருந்தார். அங்கே கூட்டிப் பெருக்கும் ராக்கம்மா, இலங்கைத் தோட்டத்தினின்று மீண்ட குடியில் பிறந்தவள், கேளாமலே சொன்னாள்:

"எங்கூட்டு விட்டமும் இதே மரந்தாங்க மொதலாளி. இத கட்டி மிஞ்சுனதாம்."

ஏன் சொன்னாள்? நாள்தோறும் தான் குனிந்து துடைத்த மாளிகைக்கு, அதன் பின்புறத்தே தான் குடியிருக்கும் ஓரறை வீடும் உடன்பிறப்பென்று ஒருமுறையேனும் உரைத்துவிட வேண்டுமென நெடுங்காலம் அவளுள் கனன்ற சிறு செருக்கு, அன்று நாவில் ஏறிக்கொண்டது.

அன்று மாலையே அவர் தலைகுனிந்து அவள் வாயிலில் நுழைந்தார். மகிழ்ந்து தேத்தண்ணி நீட்டினாள். குவளையை வாங்கிய அவர் கண்கள் கூரையை விட்டு இறங்கவேயில்லை.

"நல்ல மரம்மா. எடுத்துக்கறேன். மழை முடியட்டும், புதுக்கூரை போட்டுத் தர்றேன்."

வீடும் மாளிகைக்கே உரியதாகலின் அவள் தலையசைத்துக் குவளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவர் சென்றபின் கணவன் தங்கவேலு சிரித்தான்.

"பெரிய எடத்துச் சொந்தம் கொண்டாடுனியே புள்ள, சீர் கேட்டு வந்துட்டாங்க பாரு!"

"வாய மூடுங்க. மழைக்கு எங்க போறது?"

"ஒன் ஒடம்பொறப்பு மாளிகைக்குப் போ."

விட்டம் கழன்று மாளிகைக் கூடம் ஏறியது, கூரை சரிந்தது, இருவரும் சந்தைப்பக்கம் ஒழுகும் வாடகை அறையொன்றில் ஒடுங்கினர். மழை ஓய்ந்து மறுமழையும் வந்தது, கூரை வரவில்லை. வீடிருந்த இடம் சமன்செய்யப்பட்டு, விருந்தினர் ஊர்திகள் நிற்கும் களமாயிற்று.

இன்று கூடத்தில் விருந்தினர் அண்ணாந்து, கைப்பேசியில் அவ்விட்டத்தைப் படம் பிடிக்கின்றனர். "வெள்ளைக்காரங்க கணப்புப் புகை ஏறி ஏறி வந்த கறுப்புங்க இது" என்கிறார் விஜயபாஸ்கர். ஈரவிறகை ஊதி ஊதித் தான் உலையேற்றிய காலமெல்லாம் அங்கே கரியாய்ப் படிந்திருப்பதைக் கீழே நின்று காணும் ராக்கம்மாவுக்கு நா எழுகிறது. ஒருமுறை சொல்லிப் பெற்றதை எண்ணி அது மடங்கிக்கொள்கிறது. உயர்ந்த இடத்தோடு உறவு கொண்டாடும் எளியோரிடம் அவ்விடம் ஏற்றுக்கொள்வது அவர்தம் உடைமையை மட்டுமே. கரி கலையாமல் தூசு மட்டும் தட்டுமாறு அவர் பணிக்க, அவள் துணி சுற்றிய கழியை மெல்ல உயர்த்துகிறாள்.