கீட்டோன் ஏறினால் கைதட்டல்

பிலிப்பைன்ஸின் மான்டாவே நகரில் ஞாயிறு பூசை முடிந்ததும் போன்சோ வீட்டு வாசலில் ஒரு கூத்து நடக்கும். சோற்றைத் தலைமுழுகிய ஒரு கூட்டம் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைத்து, கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோனின் அளவைக் கைக்கருவியில் பார்க்கும். யாருக்கு எண் அதிகமோ அவருக்கே லெச்சோன் எனும் முழுப்பன்றி வறுவலின் மொறுமொறு தோலில் முதல் துண்டு. கொழுப்பு எரிகிறதாம், அதற்குப் பரிசாம்! போன்சோ நேற்றுவரை ஊரில் ஓடும் டிரைசிகிள் வாடகை வண்டிகளுக்கு டயர் விற்றவர். இன்றைக்கு ஊருக்கே வைத்தியர்.

நெனிடாவுக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மற்றவர்கள் எக்கேடும் கெடட்டும், நாலு நாள் சோறில்லாவிட்டால் அந்த உடம்புகள் ஒன்றும் இளைத்துவிடாது. ஆனால் அவள் கணவன் இசித்ரோ சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசியால் உயிரோடு இருப்பவன். அவனும் அண்ணன் போன்சோவின் பேச்சைக் கேட்டு அங்கே போய் விரலை நீட்டுகிறான். சொன்னால் கேட்டால்தானே!

அந்த ஞாயிறு அவனைக் கூப்பிடப் போனபோது கைதட்டல் காதைப் பிளந்தது.

"அஞ்சு புள்ளி எட்டு! நாமெல்லாம் ஒண்ணு, ஒண்ணரைன்னு தவழ்ந்துட்டிருக்கோம். என் தம்பி எங்க நிக்கிறான் பாருங்கய்யா!" என்று போன்சோ தோலைத் தம்பி வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

இசித்ரோவால் மெல்ல முடியவில்லை. ஓடி வந்தவன்போல மூச்சு வாங்கினான். கிட்டே போனால் வாயில் அழுகிய பழ வாடை.

"என்னங்க, ஊசி போட்டீங்களா?"

அவன் அண்ணனைப் பார்த்தான்.

"சோறே திங்காதவனுக்கு ஊசி எதுக்கும்மா? நான்தான் நிறுத்தச் சொன்னேன். காலைல வாந்திகூட எடுத்தான். கெட்டதெல்லாம் வெளிய போகுது, நல்லதுதானே?"

"அடப்பாவி மனுஷா! கூடப் பொறந்தவனையே கொல்லப் பாத்தியே!"

பையிலிருந்த சர்க்கரைக் கருவியை எடுத்து அவன் விரலைக் குத்தினாள். நானூற்று முப்பது.

"சர்க்கரையும் ஏறியிருக்கு. இதுக்கும் தட்டுங்களேன், கை வலிக்குதா?"

அவளே டிரைசிகிளை நிறுத்தி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"சோத்தைக் குறைச்சா யாருக்குமே கீட்டோன் கொஞ்சம் ஏறும்" என்றார் டாக்டர். "உள்ள இருக்கிற இன்சுலின் அதை அடக்கி வெச்சிடும். இவருக்கு அந்த இன்சுலினையே நிறுத்திட்டாங்களே, எது அடக்கும்? ரத்தம் அமிலமாயிட்டு வருது. ஊசி போடுறவங்களுக்கு மூணு வந்தாலே இங்க ஓடி வரணும்மா."

சலைனும் இன்சுலினும் ஏறின. சாயங்காலம் நர்ஸ் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, "கீட்டோன் ரெண்டு புள்ளி ஒண்ணு, இறங்குது" என்றாள். நெனிடா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இசித்ரோ கண்ணைத் திறந்தான். "இறங்கிடுச்சா? ச்சே... எவ்வளவு கஷ்டப்பட்டு ஏத்தினேன்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா யாராலயும் தாண்ட முடியாத எண்ணு வந்திருக்கும். பாக்கத்தான் நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. அதைக் கேட்டுத்தான் அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.